கடற்கரைப் பாதி

என்னோடு பள்ளிக்கூடம் போனவர்கள் சேர்ந்து ஒரு நினைவு மலர் போடப் போகிறார்களாம். அதில் எங்கள் கல்வீட்டைப் பற்றி நான் எழுத வேண்டுமாம். "உங்கட விறாந்தையில நிண்டு கடலைப் பாத்தது இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குதடி" என்று ஒருத்தி தொலைபேசியில் அழுதாள். அவள் அந்த விறாந்தையில் ஒருநாளும் நின்றதில்லை. அவளுடைய தகப்பன் எங்கள் வலையில் கயிறு இழுத்தவர். கயிறு இழுக்கிறவர்களின் பிள்ளைகள் விறாந்தையில் ஏற அம்மப்பா விட்டதில்லை. முற்றத்து மணலில் நின்று பார்த்ததை அவள் தன் மனதுக்குள் விறாந்தையில் ஏற்றி வைத்திருக்கிறாள்.

உங்களில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான். ஊருக்குத் திரும்பி வந்து இடிந்த சுவருக்கு முன்னால் நின்று படம் எடுக்கிறீர்கள். பழைய ஆட்கள் நல்ல ஆட்கள் என்கிறீர்கள். எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று நான் எழுதுகிறேன். மலருக்கு ஒத்துவராவிட்டால் போடாமல் விடுங்கள்.

அந்த வீட்டைக் கட்டியவர் என் பூட்டன். மன்னார்த் தீவில் தாழ்வுபாட்டிலிருந்து தலைமன்னார் பக்கமாகப் போகிற கரையில், அலை வந்து நனைக்கிற மணலுக்கு மேலே நீட்டின இரண்டு கை ஒரு பாகம் என்றால் முப்பது பாகம் கூட இல்லாத இடத்தில் கட்டினார். சுவருக்குக் கடலில் எடுத்த முருகைக்கல். சுண்ணாம்பு அங்கேயே சூளை போட்டுச் சுட்டது. ஓடு அக்கரை இந்தியாவிலிருந்து தோணியில் வந்தது. மற்றவர்களுடைய குடிசைகள் எல்லாம் பனைகளுக்குப் பின்னால், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தன. கடலில் பிழைக்கிறவன் கடலுக்கு முன்னால் படுக்க மாட்டான். "சம்மாட்டியார், இவ்வளவு கிட்ட வேண்டாம், சோளகக் காத்துக்குக் கரை அரிக்கும்" என்று ஒரு கிழவர் சொன்னாராம். சம்மாட்டி என்றால் வலையும் வள்ளமும் வைத்திருக்கிற முதலாளி. பூட்டன் சொன்ன பதிலை எங்கள் வீட்டில் பெருமையாகத் திருப்பித் திருப்பிச் சொல்வார்கள்.

"நான் கடலைப் பாக்க வீடு கட்டேல்லை. உங்களைப் பாக்கத்தான் கட்டுறன்."

கரைவலை இழுத்து முடிகிற நேரத்தில் எவன் மடியில் மீனைச் செருகுகிறான் என்று பார்க்க அவரிடம் ஒரு பித்தளைத் தூரக்கண்ணாடி இருந்தது. விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்துகொண்டு அதால் பார்ப்பார். நீங்கள் அழகு என்று சொல்கிற விறாந்தை அதற்காகத்தான் கட்டப்பட்டது. சின்ன வயதில் நானும் அந்தக் கண்ணாடியால் பார்த்திருக்கிறேன். கயிறு இழுக்கிறவர்களின் தோள்பட்டையில் உப்புப் பூத்திருப்பது அவ்வளவு கிட்டத் தெரியும். அவர்கள் பாடுகிற அம்பா மட்டும் தூரத்திலிருந்து பிந்தி வரும். வாய் முதலில் அசையும், பாட்டுப் பிறகு கேட்கும். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான் போகும். பூட்டன் தன் ஒரே மகளுக்கு அதைச் சீதனமாகக் கொடுத்தார். தலைமன்னாரிலிருந்து மாப்பிள்ளையாக வந்து அந்த வீட்டுக்குள் நுழைந்தவர் அம்மப்பா. வந்த வருடமே பூட்டனை விடக் கடும் சம்மாட்டியாகிவிட்டாராம். அவருடைய மனைவி இரண்டாவது மகளைப் பெற்று ஒரு வருடத்தில் இறந்துபோனா. மூத்த மகள் என் அம்மா. இளையவ சின்னம்மா. இருவருக்கும் பத்து வயது வித்தியாசம். தாய் இல்லாத சின்னம்மாவைக் குளிப்பாட்டி, தலை இழுத்து, பூசைக்குக் கூட்டிக்கொண்டு போய் வளர்த்தது அம்மாதான். இதை நீங்கள் மறக்காமல் வைத்திருக்க வேண்டும், பிறகு அம்மா செய்ததைக் கேட்கும்போது.

எனக்குப் பதினொரு வயது. வாடைக் காற்று முடிந்து சோளகம் தொடங்குவதற்கு இடையில் கடல் கண்ணாடி மாதிரிக் கிடக்கிற மாதங்கள். தவக்காலம். வீட்டில் இறைச்சி இல்லை, சிரிப்பும் கொஞ்சம் குறைவு. ஆனால் சின்னம்மா மட்டும் சிரித்துக்கொண்டு திரிந்தா. அவவுக்குக் கல்யாணம் பேசி வந்திருந்தார்கள். மாப்பிள்ளை மன்னார் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர். மடுமாதா கோயில் திருவிழாவில் அவரைப் பார்த்திருக்கிறாவாம். நானும் சின்னம்மாவும் ஒரே கட்டிலில்தான் படுப்போம். "வெள்ளைச் சேட்டு, கைமடிப்பில கூட ஒரு சுருக்கம் இல்லையடி" என்று என் காதுக்குள் சொல்லுவா. அவவுடைய தலையில் எப்போதும் வேப்பெண்ணெய் மணக்கும். அந்த மாதம் அதை விட்டுவிட்டு வாசனை எண்ணெய் பூசினா.

மாப்பிள்ளையின் அண்ணன் எங்களுக்கு அடுத்த கரையில் சம்மாட்டி. சண்டை அங்கிருந்துதான் வந்தது.

கரைவலை வளைத்து இழுக்கிற கடற்கரைத் துண்டைப் பாடு என்போம். எங்கள் குடும்பத்தில் பாடு முன்வாசலோடு போகும். விறாந்தை யாருக்கோ, அவர்களுக்குத்தான் பாடு. மாப்பிள்ளையின் அண்ணன் கேட்டது அதைத்தான். இரண்டு பாடும் ஒன்றாகிவிட்டால் அந்தக் கரையில் அவரை விட்டால் ஆள் இல்லை. "வீட்டைப் பாதியாப் பிரிக்கிறதெண்டாப் பிரியுங்கோ. கடற்கரைப் பாதி எங்கட தம்பிக்கு எழுதுறதெண்டாத்தான் மேற்கொண்டு பேசலாம்" என்று நேராகவே சொன்னார்.

என் அப்பா அந்தப் பாட்டில்தான் வலை வளைத்துக்கொண்டிருந்தார். கல்யாணம் கட்டும்போது அம்மாவுக்கும் வீட்டில் பாதி என்று அம்மப்பா வாயால் சொல்லியிருந்தார். எந்தப் பாதி என்று சொல்லவில்லை. உறுதிப் பத்திரமும் எழுதவில்லை. பெரிய சம்மாட்டி, வாய்ச்சொல்லே போதும் என்று நினைத்துக்கொண்டு இருந்தார்.

ஆகவே நிலைமை இதுதான். கடற்கரைப் பாதி சின்னம்மாவுக்குப் போனால் அவவுக்குக் கல்யாணம் நடக்கும், அப்பா பாட்டை இழப்பார். அம்மாவுக்குப் போனால் அப்பா தப்புவார், கல்யாணம் நின்றுவிடும்.

இரண்டு வாரம் வீட்டில் ஒரே கத்தல். அப்பா கத்தவில்லை, அவர் சோற்றைத் தின்றுவிட்டுக் கிழிந்த வலை பொத்தப் போய்விடுவார். அம்மாதான், தன் தகப்பனோடு.

"ஐயா, இவர் இன்னொருத்தன்ர வலையில கயிறு இழுக்கிறதை நான் பாத்துக்கொண்டு இருக்கவோ?"

"அப்ப இளையவள் கன்னியாஸ்திரி ஆகோணுமோ? நீயே சொல்லு."

"அவளுக்கு வேற மாப்பிள்ளை இல்லையோ உலகத்தில?"

"உன்ர புருசனுக்கு வேற கடல் இல்லையோ?"

இப்படிப் போகும். ஒருநாள் அம்மப்பாவுக்கு அலுத்துவிட்டது. தான் ஒரு முடிவு சொன்னால் ஒரு மகள் சாகும்வரை பேசமாட்டாள் என்று அவருக்குத் தெரியும். கயிறு இழுக்கிறவர்களுக்கு முன்னால் சிங்கம் மாதிரி நின்ற மனிதர் தன் மகள்மாருக்குப் பயந்தார். கோயில் மூப்பரைக் கூப்பிட்டுவிட்டார். "அந்தோனியார் தீர்க்கட்டும்" என்றார். திருவுளச்சீட்டுப் போடுவது என்று முடிவாயிற்று. உங்களுக்குத் தெரியும், தீர்க்க முடியாத வழக்கு என்றால் எங்கள் ஆட்கள் இரண்டு சீட்டு எழுதிப் புனிதரின் சொரூபத்துக்கு முன்னால் வைத்துச் செபம் சொல்லி, ஒரு சின்னப் பிள்ளையை எடுக்க விடுவார்கள். வருவதுதான் கடவுளின் சித்தம். அதற்குப் பிறகு யாரும் வாய் திறக்கக் கூடாது.

எடுக்கிற சின்னப் பிள்ளை நான்.

முதல் நாள் பின்னேரம் சின்னம்மா என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டா. "எனக்காக மூண்டு அருள் நிறைந்த மரியே செபம் சொல்லிப்போட்டு எடு, என்ன?" என்றா. அவ்வளவுதான் கேட்டா. வேறு எதுவும் கேட்கவில்லை.

அம்மா கேட்டது வேறு. அடுத்த நாள் காலையில் எனக்குப் பின்னல் போட்டுக்கொண்டு, சீப்பால் வகிடெடுத்தபடி, குரலைத் தாழ்த்தாமல் சாதாரணமாகச் சொன்னா. "மெழுகுதிரியை நான்தான் பிடிச்சுக்கொண்டு நிப்பன். ஒரு சீட்டில மெழுகு விழும். கையால தடவினாத் தெரியும். அதை எடு."

"அது பிழையில்லையோ அம்மா?"

"அப்பா ஊரான் வலையில கயிறு இழுக்கிறது சரியோ?"

அம்மா பின்னலை இறுக்கி முடிந்தா. "உன்ர யன்னலும் அந்தப் பக்கம்தான்" என்றா.

அது உண்மை. கடலைப் பார்த்த அறையில் பச்சை யன்னல் ஒன்று இருந்தது. அதன் படியில் ஏறி இருந்துகொண்டுதான் நான் படிப்பேன். அப்பாவை நினைத்து எடுத்தேன் என்று பிற்காலத்தில் எனக்கு நானே சொல்லிக்கொண்டது உண்டு. பொய். பாதி அப்பாவுக்காக, பாதி யன்னலுக்காக. உங்களுக்கு ஏன் பொய் சொல்ல வேண்டும்?

நடு மண்டபத்தில் சொரூபத்தை வைத்திருந்தார்கள். பகல்தான், ஆனால் கதவுகளைச் சாத்தியிருந்தார்கள். மாப்பிள்ளையின் அண்ணன் பட்டு உத்தரியத்தோடு வந்து கதிரையில் இருந்தார். மூப்பர் என் பள்ளிக்கூடக் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து இரண்டாக்கி, "கடற்கரைப் பாதி" என்று ஒன்றில் எழுதினார். அம்மா வெளிச்சம் காட்டுவதற்குக் குனிந்தா. ஒரு துளி விழுந்தது. "பாத்துப் பிடி பிள்ளை" என்றார் மூப்பர். "கை நடுங்குது மூப்பர்" என்றா அம்மா. மூப்பர் தாளை ஊதி ஆறவைத்துச் சுருட்டினார். அந்த மனிதருக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. சந்தேகப்பட்டிருக்க வேண்டும். வேறு தாளில் எழுதியிருக்க வேண்டும். ஆனால் தாயைப்போல வளர்த்தவள் அப்படிச் செய்வாள் என்றோ, பதினொரு வயதுப் பிள்ளை சொரூபத்துக்கு முன்னால் கள்ளம் செய்யும் என்றோ அவர்கள் யாருக்கும் தோன்றவில்லை. பிள்ளை என்றால் ஒன்றும் தெரியாதது என்று நினைத்தார்கள்.

பெயருக்கும் சீட்டு உண்டு. இரண்டு செம்பு. ஒன்றில் இரண்டு பெயர்கள், ஒன்றில் இரண்டு பாதிகள். முதலில் பெயர். எடுத்தேன், அம்மாவின் பெயர் வந்தது. அது தானாக வந்ததுதான். அடுத்த செம்புக்குள் கையை விட்டேன். ஒரு சீட்டு மழமழவென்று இருந்தது, இன்னொன்றில் நகத்துக்கு ஒரு தடிப்புப் பட்டது. நான் மூன்று அருள் நிறைந்த மரியே சொல்லவில்லை. எடுத்துக் கொடுத்தேன்.

மூப்பர் வாசித்தார். மாப்பிள்ளையின் அண்ணன் எழும்பி உத்தரியத்தைத் தோளில் சரிசெய்துகொண்டு, "திருவுளம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். தேத்தண்ணி கூடக் குடிக்கவில்லை. அப்பா தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். அவருக்குத் தெரிந்திருந்ததா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. சின்னம்மா அழவில்லை. சொரூபத்துக்கு முன்னால் முழந்தாளில் இருந்து குருசு போட்டுக்கொண்டா. பிறகு குசினிக்குள் போய் மீன் வெட்டினா.

பெயர்ச் சீட்டில் சின்னம்மாவின் பெயர் முதலில் வந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று கேட்காதீர்கள். மெழுகு இல்லாததை எடுத்திருப்பேன். அவ்வளவு புத்தி எனக்கு இருந்தது.

தவக்காலம் கழிந்து பாஸ்காத் திருவிழாவும் முடிந்த கையோடு சுவர் எழும்பியது. மேசன் ஒருவர் பெரியமடுப் பக்கமிருந்து வந்தார், கடலைப் பார்த்துப் பயப்படுகிற ஆள். மண்டபத்தின் நடுவில் கயிறு பிடித்து, குறுக்கே கல் வைத்தார். இடுப்பளவு வந்தபோது நானும் சின்னம்மாவும் இருபக்கமும் நின்று கதைத்தோம். நெஞ்சளவு வந்தபோது அவ இந்தப் பக்கம் கைநீட்டி எனக்குப் பனங்கட்டி தந்தா. தலைக்கு மேல் போனபிறகு சத்தம் மட்டும் வந்தது. சுவர் கூரை ஓட்டைத் தொட்ட அன்று மேசன் கைகழுவிவிட்டு, "நல்ல காத்தோட்டமான வீட்டைக் கெடுத்துப்போட்டியள்" என்று அம்மப்பாவின் முகத்துக்கு நேரே சொன்னார். அந்த வருடம் முழுவதும் எங்கள் வீட்டில் கேட்ட ஒரே உண்மை அதுதான்.

தூரக்கண்ணாடி, சாய்மனைக் கதிரை, இழுவைக்கு அடிக்கிற வெண்கல மணி எல்லாம் எங்கள் பக்கம் வந்தன. கிணறு, குசினி, பனைகள், தெருவாசல் படலை சின்னம்மா பக்கம். நாங்கள் தண்ணீருக்குச் சுற்றிப் போக வேண்டியிருந்தது. அம்மா ஒருநாளும் போகவில்லை, என்னை அனுப்புவா. சின்னம்மா வாளியை நிரப்பித் தருவா. கிளாக்கர் அடுத்த வருடம் முருங்கனில் ஒரு பெண்ணைக் கட்டினார். அதற்குப் பிறகு சின்னம்மாவுக்கு இரண்டு இடத்திலிருந்து பேசி வந்தது. இரண்டையும் அவவே வேண்டாம் என்றுவிட்டா. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அம்மப்பா பின்பாதியில்தான் கண்ணை மூடினார், இளைய மகளின் கையால் கஞ்சி குடித்து.

நடுவில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், உங்களுக்கும் அதே கதைதான். அப்பாவும் அம்மாவும் செத்தார்கள். நான் கல்யாணம் கட்டி, அந்தக் கடற்கரைப் பாதியிலேயே மகளைப் பெற்றேன். நாட்டில் சண்டை வந்தது. ஒரு விடியப்புறம் வள்ளத்தில் ஏறி அக்கரை போனோம். தமிழ்நாட்டு முகாமில் இருபது வருடத்துக்கு மேல், பத்தடிக்குப் பத்தடி அறையில் இருந்தோம். என் மனுசன் அங்கேயே இறந்தார். சின்னம்மா வரமாட்டேன் என்றுவிட்டா. மடுவுக்கு ஓடி, திரும்பி, மறுபடி ஓடி, கடைசியில் பின்பாதிக்கே வந்து சேர்ந்தா.

சண்டை முடிந்து மகளோடு நான் திரும்பி வந்தபோது தெருப் படலையில் அவதான் நின்றா. இரண்டு பல்தான் இருந்தது. "எடியே, நரைச்சுப்போனாயே" என்றா. கட்டிப்பிடித்தா. பிறகு என் கையைப் பிடித்து வீட்டைச் சுற்றிக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினா.

கடற்கரைப் பாதி இல்லை. விறாந்தை இல்லை, அறைகள் இல்லை, யன்னல் இல்லை. சண்டைக் காலத்தில் அங்கே படைக்காரரின் காவலரண் இருந்ததாம். அவர்கள் போனபிறகு ஒவ்வொரு சோளகத்துக்கும் கடல் ஒவ்வொரு துண்டாக எடுத்ததாம். அந்த மேசன் கட்டிய நடுச்சுவர்தான் இப்போது வீட்டின் வெளிச்சுவர். அலை அதற்கு முன்னால் வந்து மணலைக் கிண்டிக்கொண்டிருந்தது. மண்டபத்துக்குப் பூசின நீலச் சாயம் சுவரின் மேல் மூலையில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. பூட்டனை எச்சரித்த கிழவரின் வழிவந்த ஆட்கள் பனைகளுக்குப் பின்னால் அதே இடத்தில் இருக்கிறார்கள்.

திரும்பி வந்தவர்களுக்கான வீட்டுத்திட்டத்துக்குப் பதியப் போனேன். சொந்தக் காணி இருந்தால்தான் வீடு தருவார்கள். அம்மப்பா சாகுமுன் எழுதிய உறுதியின் பிரதி என்னிடம் இருந்தது. கிராம சேவகர் நல்ல பெடியன், என் மகளின் வயது. உறுதியையும் வரைபடத்தையும் பார்த்தான். எழும்பி வந்து இடத்தையும் பார்த்தான். காற்சட்டையை மடித்துக்கொண்டு தண்ணீருக்குள் கொஞ்சத் தூரம் போய் நின்றான்.

"அன்ரி, உங்கட காணி இதுக்குள்ள கிடக்கு. கடல் எந்தக் கிராம சேவகர் பிரிவு எண்டு எனக்குத் தெரியாது."

மகள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தறப்பாள் கூரை போட்ட கொட்டிலுக்குள் இருந்தோம். பெயர் கொடுக்க ஒரு மாதம்தான் இருந்தது.

சின்னம்மாவே சொன்னா, நான் கேட்கவில்லை. "பின்பக்கம் பனையோட கிடக்கிற துண்டை உனக்கு எழுதித் தாறன். வாற திங்கக்கிழமை மன்னாருக்குப் போவம், உறுதி எழுதுற நொத்தாரிசிட்ட." மகள் அவவின் காலைத் தொட்டாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். சின்னம்மா சுளகில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டு தொடர்ந்து சொன்னா.

"அண்டைக்குப் பின்பாதி ஏன் எனக்கு வந்ததெண்டு இப்பத்தானடி விளங்குது. கொக்காவுக்குக் கடற்கரை, எனக்குப் பின்பக்கம் எண்டு உன்ர கையாலயே எடுக்க வைச்சவர் அந்தோனியார். உனக்கெண்டு எடுத்து வைச்சிருக்கிறார். அவருக்குத் தெரியாததோ?"

"கொக்கா" என்றால் உன் அக்கா; என்னையும் தங்கச்சியாக்கி என் அம்மாவைத்தான் அப்படிச் சொன்னா. எங்கள் வீட்டில் வேடிக்கையாக அப்படிச் சொல்லிப் பழகியிருந்தா. வேடிக்கையாகவே சொன்னா. என்னால் தாங்க முடியவில்லை. ஐம்பது வருடமாக அந்தப் பெண் எங்கள் களவுக்குக் கடவுளின் பெயரை வைத்துக் கும்பிட்டுக்கொண்டு இருந்திருக்கிறா. இப்போது அதற்கு நன்றி வேறு சொல்கிறா.

"சின்னம்மா, அது அந்தோனியார் இல்லை. மெழுகு."

முழுவதையும் சொன்னேன். பின்னல் போட்டது, துளி விழுந்தது, நகத்தில் பட்டது எல்லாம். யன்னலையும் சொன்னேன்.

அவவின் விரல் அரிசிக்குள் நின்றுவிட்டது. "அக்காவோ?" என்றா.

"ஓம்."

"என்னைத் தூக்கி வளத்த அக்காவோ?"

"ஓம் சின்னம்மா."

பிறகு சுளகைப் பார்த்துக்கொண்டே சொன்னா. "வங்காலையில இருந்து ஒரு வாத்தியார் கேட்டு வந்தவர். நல்ல மனுசன். வீடு வாசல் ஒண்டும் வேண்டாம் எண்டவர். நான்தான் மாட்டன் எண்டனான். எனக்குக் கலியாணம் இல்லையெண்டு அந்தோனியாரே சொல்லிப்போட்டார், பிறகு நான் கட்டினா அது அவரை எதிர்க்கிற மாதிரி எண்டு."

நான் சுளகைப் பிடிக்கக் கை நீட்டினேன். அவ அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டா.

"இதை ஏனடி இப்ப சொன்னனீ?" முதல்முறையாகக் குரல் உயர்ந்தது. "அவர் தந்த சிலுவை எண்டு நினைச்செல்லோ சுமந்தனான். இப்ப அதுவும் இல்லையெண்டுறாய். உனக்குப் பாரம் இறங்கோணும் எண்டோ சொன்னனீ?"

ஓம், அதற்காகத்தான். வேறு காரணம் எதுவும் இல்லை. உண்மை சொன்னால் நல்லது நடக்கும் என்று நான் நினைத்துச் சொல்லவில்லை. எனக்குப் பொறுக்க முடியவில்லை, சொன்னேன். பதினொரு வயதில் ஒரு தரம் அவவிடமிருந்து எடுத்தேன். அறுபது நெருங்கும்போது மறுபடியும் எடுத்தேன்.

மகள் கொட்டிலுக்குள் வந்து என்னைப் பிடித்துக்கொண்டாள். "உங்களுக்கு வாயை வைச்சுக்கொண்டு இருக்கேலாதோ? திங்கக்கிழமை உறுதி முடிச்சுப்போட்டுச் சொல்லியிருக்கலாமே அம்மா. இனி எங்க போறது? திரும்பக் காம்புக்கோ?"

வெள்ளி, சனி, ஞாயிறு. சின்னம்மா படலையைத் திறந்துதான் வைத்திருந்தா, ஆனால் எங்கள் பக்கம் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கும் போகவில்லை. எனக்குத் தெரிந்து அவ பூசைக்குப் போகாத முதல் ஞாயிறு அது. திங்கள் காலையில் போய்க் கூப்பிட எனக்குத் துணிவு வரவில்லை. மகள்தான் எட்டிப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். சின்னம்மா வெள்ளைச் சீலை உடுத்து, உறுதிப் பையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பஸ் தரிப்பிடத்தில் நின்றா.

பஸ்ஸில் மகளுக்குப் பக்கத்தில் இருந்தா. நான் பின்னால் நின்றேன்.

நொத்தாரிசு வயதானவர், மூக்குக்கண்ணாடியை நூலால் கட்டியிருந்தார். இரண்டு சாட்சிகள் அவருடைய கந்தோரிலேயே இருந்தார்கள். நன்கொடை உறுதியை எழுதி முடித்து, வழக்கப்படி உரத்து வாசிக்கத் தொடங்கினார். பெயர், விலாசம், எல்லை, வடக்கே தெரு, தெற்கே நன்கொடையாளரின் வீடு. பிறகு: "மேற்படி நன்கொடையாளர் தமது பெறாமகள்மீது கொண்ட இயல்பான அன்பையும் பாசத்தையும் முன்னிட்டு..."

"நிப்பாட்டுங்கோ" என்றா சின்னம்மா.

அவர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

"அதை வெட்டிவிடுங்கோ. அன்பு பாசம் எண்டதை."

"அம்மா, இது எல்லா நன்கொடை உறுதியிலயும் வாறது."

"வரட்டும். இதில வேண்டாம்."

"ஒரு காரணம் இல்லாமல் காணி குடுக்கேலாது அம்மா. பதிவுக் கந்தோரில எடுக்காயினம். காசு வாங்கியிருந்தா விலையெண்டு எழுதலாம்."

"இவளிட்ட என்ன கிடக்கு வாங்க? இருக்க இடமில்லாதவள், அதால குடுக்கிறன் எண்டு எழுதுங்கோ."

"அதைச் சட்டத்தில காரணமா எடுக்கமாட்டினம்."

சாட்சிகள் இருவரும் நிலத்தைப் பார்த்தார்கள். மகள் என் முழங்கையை நகம் பதியப் பிடித்திருந்தாள். சின்னம்மா மேசையில் கிடந்த உறுதியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தா. இந்த இடத்தில் அவ எழும்பிப் போயிருந்தால் நான் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்க மாட்டேன். அது அவவின் நியாயம்.

"சரி, கிடக்கட்டும்" என்றா. "ஆனாச் சத்தமா வாசியாதேங்கோ."

நொத்தாரிசு அந்த வரியை வாய்க்குள் வாசித்துக்கொண்டு போனார். சின்னம்மா பேனையை வாங்கி முழுப் பெயரையும் எழுத்துப் பிசகாமல் வைத்தா.

பிறகு நொத்தாரிசு தாளை என் பக்கம் திருப்பினார். வாங்குகிறவரும் ஒப்பம் வைக்க வேண்டும், அதற்கும் ஒரு வரி உண்டு. அவர் தயங்கிச் சின்னம்மாவைப் பார்த்தார். "இதையும் மனதுக்குள்ள வாசிக்கவோ?"

"அது அவளின்ர பாடு" என்றா. "உரத்து வாசியுங்கோ, கேப்பம்."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார். மேற்படி நன்கொடையை நான் நன்றியுடன் ஏற்றுக்கொள்கிறேன் என்று இருந்தது. நான் ஒப்பம் வைத்தேன்.